பதினைந்து ஆண்டு மௌனம்: ‘நந்திபுரத்து நாயகி’ பற்றிச் சில சிந்தனைகள்

கதை சொல்லி முடித்த பாட்டியாரை நோக்கிப் பேரப்பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்றே. “அதற்குப் பிறகு?” என்பதுதான் அது. கதை எவ்வளவு நீண்டதாயினும், எவ்வளவு நிறைவாக முடிந்ததாயினும், இக் கேள்வி எழாமல் இராது. நல்ல கதைக்கு இதுவே அடையாளம் என்றும் கூறலாம்.

அமரர் கல்கி அவர்களின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்த தமிழ் மக்கள் அனைவரும் இக் கேள்வியைக் கேட்டனர். 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ‘கல்கி’ வார இதழில் ஆரம்பித்த அந் நவீனம், 1954ஆம் ஆண்டில் ஐந்தாம் பாகமாகிய ‘தியாகச் சிகர’த்துடன் நிறைவெய்தியது. வாரந்தோறும் காத்திருந்து படித்து, இதழ்களைக் கிழித்துத் தைத்துக் கட்டிய தலைமுறையினர் நம் பெரியோர். 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் வெளிவந்த இரு திரைப்படங்களின் வாயிலாக அக் கதையை அறிந்தவர்கள் நம் வாலிபர். ஒரே இல்லத்தில் பாட்டனார் ஏட்டிலும் பேரன் திரையிலும் கண்ட கதை இது. இருவரும் இறுதியில் கேட்பது மட்டும் ஒன்றே: “அதற்குப் பிறகு என்ன நடந்தது?”

இக் கேள்விக்கு விடையாக எழுந்த நவீனம் ஒன்றைப் பற்றியும், அதன் பின்னே நிற்கும் மெய்யான சரித்திரத்தைப் பற்றியும் இம் மலரில் சிறிது ஆராய விழைகின்றோம். நவீனத்தின் பெயர் ‘நந்திபுரத்து நாயகி’. அதனை இயற்றியவர் ‘அமுதசுரபி’யின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய விக்கிரமன் அவர்கள்.

பிறர் தொட்ட கதையைத் தொடர்வது

ஒருவர் படைத்த கதையை மற்றொருவர் தொடர்ந்து எழுதுவது தகுமா என்று சிலர் வினவலாம். தமிழுக்கு இது புதியதன்று. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தைப் பாடினார். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலையின் வாழ்வைச் சீத்தலைச் சாத்தனார் தனிக் காப்பியமாகப் பாடினார். இரண்டையும் ‘இரட்டைக் காப்பியங்கள்’ என்று நம் முன்னோர் ஒன்றாகவே போற்றினர். கம்பர் தம் இராமாயணத்தை யுத்த காண்டத்தோடு, திருமுடி சூட்டு விழாவின் மங்கலத்தில் நிறுத்திக்கொண்டார். அதன் பிற்பகுதியாகிய உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது மரபு. மேனாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளரான அலெக்சாண்டர் டூமா 1844ஆம் ஆண்டில் எழுதிய ‘மூன்று படைவீரர்’ கதையைத் தாமே மேலும் இரண்டு நவீனங்களாக வளர்த்துச் சென்றார்.

ஆயினும் தம் கதையைத் தாமே தொடர்வது வேறு, பிறர் கதையைத் தொடர்வது வேறு. முன்னையது தன் வீட்டுக்குத் தானே மேல்மாடி கட்டுவது போன்றது. பின்னையது மற்றொருவர் இட்ட அத்திவாரத்தின் மீது சுவர் எழுப்புவது. அத்திவாரத்தின் அளவை மீற இயலாது. அங்கே குடியிருக்கும் மாந்தரின் குணத்தையும் மாற்ற இயலாது. வந்தியத்தேவன் துடுக்காகப் பேசாவிடின் அவன் வந்தியத்தேவன் அல்லன் என்று வாசகர் உடனே கூறிவிடுவர்.

கல்கி அவர்கள் தம் நவீனத்தை முடித்தபின், வாசகர் விடுத்த வினாக்களுக்கு விடை கூறுமுகமாக முடிவுரை ஒன்றும் எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் அமரரானார். இனி அவர் கையால் விரிவான விடை கிடைப்பதற்கில்லை என்ற நிலையிலே, அவர்பால் பெருமதிப்புக் கொண்ட விக்கிரமன் அவர்கள் அப்பணியை மேற்கொண்டார். 1928ஆம் ஆண்டு பிறந்த அவர், இயற்பெயர் வேம்பு என்பது. 2015ஆம் ஆண்டில் மறையும்வரை எழுத்தே தொழிலாக வாழ்ந்தவர். ‘நந்திபுரத்து நாயகி’ அவருடைய ‘அமுதசுரபி’ மாத இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாயிற்று.

நந்திபுரம் என்பது பழையாறை நகருக்கு வழங்கிய பழம் பெயர்களுள் ஒன்று. பல்லவர் காலத்து நினைவைத் தாங்கிய பெயர் அது. அந்நகரின் மாளிகையில் வாழ்ந்த இளைய பிராட்டி குந்தவை தேவியே நவீனத்தின் நாயகி. உத்தமசோழர் முடிசூடிய பிற்பாடு சோழ நாட்டில் நிகழ்ந்தவையே கதையின் களம்.

சரித்திரம் என்ன கூறுகிறது?

அக் களத்தைப் பற்றிச் சரித்திரம் கூறுவது மிகச் சொற்பம். உத்தமசோழர் ஏறக்குறைய 970ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். 985ஆம் ஆண்டில் அருள்மொழிவர்மர் இராஜராஜர் என முடி புனைந்தார். இடைப்பட்டவை பதினைந்து ஆண்டுகள். ‘பொன்னியின் செல்வ’னில் ஐந்து பாகங்களில் விரியும் நிகழ்ச்சிகள் சில மாதங்களில் நடந்து முடிகின்றன. அதனைத் தொடர்ந்து எழுதுபவருக்கோ பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கின்றன. அவ் வாண்டுகளில் அருள்மொழிவர்மர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று கல்லும் செம்பும் விரித்துரைக்கவில்லை. பெரும் போர்ப் பரணிகளும் இல்லை. ஒரு விதத்தில் அது மௌனக் காலம்.

ஆனால் மௌனம் என்பது சூனியம் அன்று. காதை வைத்துக் கேட்பார்க்கு அங்கும் சில ஒலிகள் கேட்கும்.

முதலாவது, திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இராஜேந்திரர் காலத்தில் எழுதப்பட்ட அவை, ஆதித்த கரிகாலர் மறைந்தபின் மக்கள் அருள்மொழிவர்மரை அரசராக வேண்டினர் என்றும், தம் சிறிய தந்தைக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை தாம் அதனை மனத்தாலும் விரும்பேன் என அவர் மறுத்தார் என்றும் கருத்துப்படக் கூறுகின்றன. கல்கியின் ‘தியாகச் சிகர’ம் எழுந்து நிற்பது இந்தச் சிறு குறிப்பின் மீதே.

இரண்டாவது, உத்தமசோழரின் அன்னையார் செம்பியன் மாதேவியாரின் திருப்பணிகள். கணவர் கண்டராதித்தரோ தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவால் பாடிய சிவனடியார். அவர் மறைந்தபின் அவ் வம்மையார் பல்லாண்டுகள் வாழ்ந்து, செங்கல்லால் அமைந்திருந்த பழைய ஆலயங்களைக் கருங்கற் கோயில்களாக எடுப்பித்தார். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் அவர் எடுப்பித்த கோயிலில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தை இன்றும் காணலாம். போர் முழக்கம் ஓய்ந்திருந்த காலத்தில் உளியின் ஓசை எழுந்தது என்று இதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது, உத்தமசோழரின் பதினாறாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டுச் சென்னை அருங்காட்சியகத்தில் பேணப்படும் செப்பேடுகள். காஞ்சிபுரத்து ஊரகம் கோயிலின் வருவாயும் செலவும் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை அவை வகுக்கின்றன. கொடுங்கோலனோ கோழையோ அல்லாத, நிருவாகத்தில் கருத்துள்ள ஓர் அரசரை அவை காட்டுகின்றன.

நான்காவது, இராஜராஜர் அவரை எவ்வாறு மதித்தார் என்பது. இராஜேந்திரரின் இளமைப் பெயர் மதுராந்தகர். அது உத்தமசோழரின் பெயரே ஆகும். உத்தமசோழரின் மகனார் மதுராந்தகன் கண்டராதித்தர், இராஜராஜரின் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தார். கோவிந்தபுத்தூர்க் கோயிலைக் கற்றளியாக்கிய அம்பலவன் பழுவூர் நக்கன் என்னும் அதிகாரி, உத்தமசோழரிடத்தும் இராஜராஜரிடத்தும் பணிபுரிந்தார். பகையால் பிளவுண்ட குடும்பத்தில் இவை நடப்பது எளிதன்று.

உடையார்குடிக் கல்வெட்டு எழுப்பும் வினா

இனி, இக் காலத்தின் நடுவே நிற்கும் பெரும் புதிருக்கு வருவோம். ஆதித்த கரிகாலரைக் கொன்றவர் யார்?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயத்தில் இராஜராஜரின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலரைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரை அது பெயர் கூறிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடைமையும் அவர்தம் உறவினர் உடைமையும் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியும் அதில் உள்ளது. கல்கியின் இரவிதாசன் பிறந்தது இக் கல்வெட்டிலிருந்தே.

அவ்வாறாயின், கொலை நிகழ்ந்தபின் உத்தமசோழர் ஆண்ட ஆண்டுகளில் குற்றவாளிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை? இராஜராஜர் வந்த பிறகே ஏன் ஆணை பிறந்தது? இவ்வினாவுக்குப் பேரறிஞர்கள் இருவர் இருவேறு விடை கூறினர். 1935ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ‘சோழர்’ என்னும் ஆங்கிலப் பெருநூலில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், உத்தமசோழரின்மேல் ஐயம் படுவது தவிர்க்க முடியாதது என்ற கருத்தினர். ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ எழுதிய தி. வை. சதாசிவ பண்டாரத்தாரோ அதனை மறுத்தார். தம் தமையனைக் கொல்வித்தவரிடம் இராஜராஜர் பகையின்றி இருந்திருப்பாரா, மக்கள்தாம் அவ்வரசரை ஏற்றிருப்பரா என்னும் திசையில் சென்றது அவர் வாதம். சான்று ஒன்றே. அதனைப் படித்த கண்கள் வேறு.

சரித்திர ஆசிரியர் “முடிவு செய்ய இயலவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குச் செல்லலாம். நவீன ஆசிரியருக்கு அவ்வசதி இல்லை. அவருடைய அரசர் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், உறக்கமின்றித் தவிக்க வேண்டும். குற்றமுள்ள நெஞ்சோடு அவர் தவிக்கிறாரா, குற்றமற்ற நெஞ்சோடு பழியைச் சுமக்கிறாரா என்பதை ஆசிரியர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

விக்கிரமன் அவர்களுக்கோ இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. கல்கியின் கதையில் உத்தமசோழராக முடிசூடுபவர், பூமாலை கட்டிக் கோயிலுக்கு அளித்து வாழ்ந்த சேந்தன் அமுதன். அவரே செம்பியன் மாதேவியாரின் மெய்யான புதல்வர் என்பது கல்கியின் கற்பனை. அவருடைய தேவி, கோடிக்கரைப் படகோட்டிப் பெண் பூங்குழலி. திரைப்படத்தில் மட்டும் கதையைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். சரித்திரத்திலோ உத்தமசோழருக்குப் பல தேவியர் இருந்தமை செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கல்வெட்டுகளால் அறியப்படும். சேந்தன் அமுதன் என்ற பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை. ஆகவே, தொடர்ச்சி எழுதப் புகுந்தவர் இரண்டு எசமானர்களுக்குப் பணிசெய்ய வேண்டியவரானார். ஒருவர் சரித்திரம், மற்றவர் கல்கி. இருவரும் முரண்படும் இடங்களில் அவர் நடந்தது கத்தியின் கூர்மேல் நடப்பதை ஒத்தது.

நாயகியின் மெய்யுருவம்

இத்தகைய நெருக்கடியில் அவர் குந்தவை தேவியை நாயகியாகக் கொண்டது பொருத்தமானதென்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில் அவ்வம்மையார் இரு எசமானர்களுக்கும் பொதுவானவர். கல்கியின் குந்தவை அறிவிற் சிறந்தவர். கல்வெட்டுகளில் வரும் குந்தவையாரும் அதற்குக் குறைந்தவர் அல்லர். அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு உறுதிசெய்கிறது. அக் கோயிலில் தம் தந்தையார்க்கும் தாயார்க்கும் திருமேனிகள் எடுப்பித்து, பொன்னும் அணிகலனும் வழங்கினார். தஞ்சையில் தந்தையின் பெயரால் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவ நிலையம், அமைத்து அதற்கு மானியமும் விட்டார். தாதாபுரம் என்று இன்று வழங்கும் இராஜராஜபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததோடு, சமணர்க்கும் ஒரு ஜினாலயம் எடுப்பித்தார். தம் சமயத்தில் ஆழ்ந்த பற்று, பிறர் சமயத்தில் மதிப்பு: இவ்விரண்டும் ஓருள்ளத்தில் ஒருங்கே இருக்கலாம் என்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மங்கையே சாட்சி. சங்கம் நடத்தும் வாலிபர்கள் அவர் வரலாற்றில் படிக்க வேண்டிய பகுதி, காதலினும் இதுவே என்பது எம் எண்ணம்.

கதை நின்ற இடத்தில் நம் நாட்டின் கதை

இனி நம் மண்ணுக்கு வருவோம். வந்தியத்தேவன் ஈழத்தில் அருள்மொழிவர்மரைத் தேடிச் செல்லும்போது கல்கி அவனை அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று தம்புள்ளை. வஹகோட்டையில் வாழும் நமக்கு அது ஏட்டில் மட்டும் காணும் ஊரன்று. நம் மாத்தளை மாவட்டத்தின் வடபால் உள்ளது, குகை விகாரையால் புகழ் பெற்றது, காய்கறி ஏற்றிய லொறிகள் இரவும் பகலும் போய்வரும் ஊர். அவ்வூரில் யானைப்பாகனாக இளவரசர் வந்த காட்சியைப் படிக்கும்போது நம் வாலிபரின் உள்ளம் பூரிப்பது இயல்பே.

எனினும் சுந்தரசோழர் காலத்தில் அருள்மொழிவர்மர் ஈழப் படைத்தலைவராக இங்கு வந்தார் என்பது கல்கியின் கற்பனை. அக்காலத்து ஈழப் போரில் கொடும்பாளூர்ச் சிறிய வேளார் உயிர் துறந்தார் என்பது சரித்திரம். நான்காம் மகிந்தனின் சேனாதிபதி தமிழ்ப் படையை வென்றதாகச் சூளவம்சம் கூறும். அதன்பின், உத்தமசோழரின் பதினைந்து ஆண்டுகளில், இருநாட்டுக்கும் இடையே பெரும்போர் நிகழ்ந்ததாகச் செய்தி இல்லை.

982ஆம் ஆண்டில் ஐந்தாம் மகிந்தன் அநுராதபுரத்தில் அரசனானான். வரி ஒழுங்காகச் சேரவில்லை. கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. படை கலகம் செய்தது. அரசன் உருகுணைக்கு ஓடினான். இந்நிலையைக் குதிரை வணிகன் ஒருவன் சோழ மன்னனிடம் கூறினான் என்கிறது சூளவம்சம். ஏறக்குறைய 993ஆம் ஆண்டில் இராஜராஜரின் படை இங்கு வந்தது. நெடுங்காலத் தலைநகராய் விளங்கிய அநுராதபுரம் தன் நிலையை இழந்தது. பொலநறுவை ‘ஜனநாதமங்கலம்’ ஆயிற்று. ஈழம் ‘மும்முடிச் சோழ மண்டலம்’ என்று பெயர் பெற்றது. இந்நாட்டு ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெருங்கோயிலுக்குச் சென்றது. 1017ஆம் ஆண்டளவில் இராஜேந்திரரின் படை மகிந்தனையே சிறைப்பிடித்தது. அம் மன்னன் 1029ஆம் ஆண்டில் அந்நிய மண்ணிலேயே மடிந்தான். விகாரைகளின் தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டுச் செல்வம் கவரப்பட்டதைச் சூளவம்சம் துயரத்தோடு பதிவுசெய்கிறது. 1070ஆம் ஆண்டில் முதலாம் விஜயபாகு சோழர் ஆட்சியை முடிவுக்குக் கொணர்ந்தான்.

பொன்னியின் செல்வரைப் போற்றும் நாம் இவற்றையும் படிக்க வேண்டும். தஞ்சையில் பெருமையாக நின்ற செய்தி, அநுராதபுரத்தில் கண்ணீராக நின்றது. ஒரே நிகழ்ச்சியை இரு நாட்டினர் இருவிதமாக எழுதிவைத்தனர். நம் அயல்வீட்டார் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையும் ஒரே அரசரைப் பற்றியவை என்பதை மறத்தல் ஆகாது. அதேவேளை, பொலநறுவையில் சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிலைத்து நிற்கிறது என்பதும், நம் மாவட்டத்து நாலந்தாக் கெடிகே தென்னாட்டுச் சிற்ப முறையில் அமைந்த பௌத்த ஆலயமாக விளங்குகிறது என்பதும் உண்மைகளே. வாள் ஒரு வழியில் சென்றது, உளி மற்றொரு வழியில் வந்தது. நம் வஹகோட்டையிலேயே, போர்த்துக்கேய வீரரின் வழித்தோன்றல்கள் என வழிவழியாகக் கூறப்படும் குடும்பங்கள் புனித அந்தோனியார் ஆலயத்தைச் சூழ வாழ்ந்து வருவதை நாம் அறிவோம். வெற்றி தோல்விகள் போய்விட்டன, மக்கள் அயலவராய் எஞ்சினர்.

வாலிபர்க்கு ஒரு வேண்டுகோள்

சோழர் கதையை விக்கிரமன் அவர்களுக்குப் பின்னும் பலர் எழுதினர். இராஜேந்திரரைப் பற்றி அகிலன் எழுதிய ‘வேங்கையின் மைந்தன்’ 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதமிப் பரிசைப் பெற்றது. பாலகுமாரன் பெரிய கோயில் எழுந்த காலத்தை ‘உடையார்’ என ஆறு பாகங்களில் விரித்தார். இன்னும் பலர் எழுதுவர். “அதற்குப் பிறகு?” என்னும் கேள்வி உள்ளவரை தொடர்ச்சியும் உண்டு.

ஆகவே வாலிபர்கட்கு நாம் கூற விரும்புவது இதுவே. சரித்திர நவீனங்களைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் படிக்கும்போது அருகில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கட்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் கல்வெட்டும் செப்பேடும் பழைய ஏடும் கூறுவதை எழுதுங்கள், மறுபுறம் ஆசிரியர் புனைந்ததை எழுதுங்கள். வந்தியத்தேவர் முதற்பக்கத்தில் ஒரே வரியில் நிற்பார், மறுபக்கத்தில் நூறு வரிகளில் குதிரையேறி வருவார். அவ்வொரு வரியிலிருந்து அந்த நூறு வரியை உண்டாக்கியதே ஆசிரியரின் ஆற்றல். அந்நூறு வரியையும் சரித்திரம் என்று மயங்காமல் இருப்பதே வாசகரின் கடமை. கதையை மெய்யென எண்ணி அயலாரோடு வாதிடுவது அறியாமை. கதைதானே என்று அனைத்தையும் தள்ளிவிட்டால், அதன் வாயிலாகக் கிடைக்கும் மெய்யும் கைநழுவிப் போகும்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தைத்துக் கட்டிய பழைய தொடர்கதைத் தொகுதிகள் உங்கள் பெட்டிகளில் இருக்குமாயின், அவற்றைக் கறையானுக்கு விட்டுவிடாமல் சங்கத்தின் வாசிகசாலைக்கு உதவுங்கள். திரையில் கண்டதோடு நின்றுவிட்ட இளைஞன் அவற்றைத் திறந்து பார்க்கட்டும். கல்கி எங்கே நிறுத்தினார், விக்கிரமன் எங்கே தொடங்கினார், சரித்திரம் எங்கே மௌனம் சாதித்தது என்பதை அவன் தானே கண்டறியட்டும். அப்போது அவன் கேட்கும் “அதற்குப் பிறகு?” என்ற கேள்வி, அவனை மற்றொரு கதைக்கு மட்டுமன்றித் தஞ்சைக்கும் தாதாபுரத்துக்கும் பொலநறுவைக்கும் நாலந்தாவுக்கும் அழைத்துச் செல்லும்.